ஏழு நாள் கணக்கு

2024 செப்டெம்பர் 17, செவ்வாய்

நேற்று மாலை கிளப் மைதானம் முழுவதற்கும் களை மருந்து அடித்து முடித்தோம். இன்று காலை போய்ப் பார்த்தேன். மழையில்லை, காற்றில்லை, மருந்து இலையில் நன்றாகப் பிடித்திருக்கிறது. கிளப் செயலாளர் வேலிக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்தி, களை எத்தனை நாளில் சாகும் என்று சிங்களத்தில் கேட்டார். பயிர் வளர்க்க மட்டுமில்லை, களையைச் சாகடிக்கவும் பொறுமை வேண்டும் சேர் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பதற்கும் கமிட்டி கூடித் தீர்மானம் போட வேண்டும் போலிருக்கிறது.

மருந்து இந்த ஊர்ச் சரக்கில்லை. அங்கத்தவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. புல்லை விட்டுவிட்டு அகல இலைக் களையை மட்டும் கொல்லுமாம். போத்தலில் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்து. என் கண்ணாடிக்கு எட்டவில்லை. கலக்கும் அளவை மட்டும் வலன்ரைன் வாசித்துச் சொன்னான். பதினைந்து வருடமாக என்னோடு புல்வெட்டும் மெசின் தள்ளுகிற கொட்டாஞ்சேனைக்காரன். மிச்சத்தையும் வாசிக்கவா அண்ணே என்று கேட்டான். இருபத்தொன்பது வருடம் இந்தப் புல்லோடு கிடக்கிறேன், எனக்கு நீ பாடம் எடுக்காதே என்றேன்.

வீட்டில் மனைவி ஜெயராணி மொட்டை மாடியில் பயிற்றைக்குப் பந்தல் கட்டியிருக்கிறாள். நான் கேட்காமலே கூப்பிட்டுக் காட்டினாள்.

2024 செப்டெம்பர் 18, புதன்

வெள்ளவத்தைச் சந்தையில் அவள் தக்காளி நாற்று வாங்கினாள். தானாகப் போய், தானாகப் பேசி.

2024 செப்டெம்பர் 25, புதன்

மருந்தடித்து ஒன்பது நாள். இன்று வெட்டிய புல்லில் இரண்டு சாக்கு கட்டி, முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மாடியில் வெயில் நெருப்பு. பெயின்ற் வாளிகளில் மண் பத்து மணிக்கே பொரிந்துவிடுகிறது. மேலே புல்லைப் போட்டு மூடினால் ஈரம் நிற்கும், மக்கினால் உரமும் ஆகும். ஜெயராணிக்கு இது நானே சொன்ன யோசனை. அவளுக்குச் சந்தோஷம். ஆனாலும் கேட்டாள்.

"மருந்தடிச்ச புல்லுங்களா?"

"அடிச்சு ஏழு நாளு தாண்டிருச்சு. பயப்படாத."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவளும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள்தானே. மருந்தடித்த மலையில் ஏழு நாள் கொழுந்து எடுக்கக் கூடாது. எட்டாம் நாள் கங்காணி, காலையில் ஆட்கள் கூடுகிற பிரட்டுக்களத்தில் அந்த மலையின் நம்பரைக் கூப்பிடுவார், பெண்கள் கூடையோடு ஏறுவார்கள். அப்பா மருந்தடிக்கிற ஆளாக இருந்தவர். ஏழு நாள் என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு.

வாளிகளில் செடியைச் சுற்றிப் புல்லைப் பரப்பிவிட்டு அவள் கையைத் தட்டினாள். பதின்மூன்று வாளி. எல்லாவற்றுக்கும் மெத்தை போட்டாயிற்று.

2024 ஒக்டோபர் 6, ஞாயிறு

முதல் பயிற்றங்காய். பதினெட்டு. பாதியைக் கீழ்வீட்டு மாக்ரெட் மிஸ்ஸுக்குக் கொடுத்தாள். வீட்டுச் சொந்தக்காரி அவர், ஓய்வுபெற்ற ரீச்சர். படியில் நின்று இரண்டு பேரும் அரை மணி நேரம் கதைத்தார்கள். நான் மேலே பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஒரு வரியும் வாசிக்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ராஜு போன பிறகு அவள் பேசவே இல்லை. "சோறு போட்டாச்சு", "தண்ணி வருது", "சாவி எங்க" — இவ்வளவுதான். பதினான்கு மாதம். இந்த வாளிகள் வந்த பிறகுதான் முழு வாக்கியமாக ஏதாவது வருகிறது. புஷ்பராஜ் என்று பெயர் வைத்து ராஜு என்று கூப்பிட்டோம். இருபத்து மூன்று வயது. காலி வீதியில் கைபேசி திருத்தும் கடையில் வேலை. டெங்குக் காய்ச்சல். ஆறு நாள்.

போதும். இன்றைக்கு நல்ல நாள். அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

2024 ஒக்டோபர் 20, ஞாயிறு

பயிற்றையில் புதுத் துளிர் சுருள்கிறது. ஓரம் மேலே மடிந்து கிண்ணம் மாதிரி. பூச்சி இல்லை, இலைக்கு அடியிலும் பார்த்தேன். சாம்பல் தூவினாள்.

2024 ஒக்டோபர் 27, ஞாயிறு

தக்காளியும். கொடி நுனி முறுக்கிய கயிறு போலத் திருகிக்கொண்டு போகிறது. கத்தரிக்குப் புது இலை ஒடுங்கி வாய்க்கால் மாதிரி. ஒவ்வொரு காலையும் அவள் ஒரு வாளிக்கு முன்னால் உட்கார்ந்து இலையை விரலால் விரித்து விடுகிறாள். விட்டவுடன் அது திரும்பவும் மடிந்துகொள்கிறது. பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வைரசாக இருக்கும், பிடுங்கிப் போட்டு வேறு நடு என்று போன கிழமையே சொன்னேன். புதிதாக ஊன்றினாள்.

வெயிலுக்கு மண் காய்கிறது என்று சொல்லி இன்னும் ஒரு சாக்குப் புல் கொண்டுவந்து போட்டேன். நான்தான் போட்டேன்.

2024 ஒக்டோபர் 31, வியாழன். தீபாவளி

புதிதாக ஊன்றியதும் இரண்டு இலை விட்டுச் சுருண்டுவிட்டது. கேசரி கிண்டவில்லை, எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. மாக்ரெட் மிஸ் தட்டில் ஏதோ கொண்டுவந்தார். ஜெயராணி வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"எங்கையில ஒண்ணும் தங்காது மிஸ். நான் தொட்டா போயிரும்."

"சும்மா இருங்கோ, செடிக்கு நோய் வருத்தம் வாறதுதானே" என்றார் அவர்.

அவள் செடியை மட்டும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியாது. நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்க வேண்டாத இடத்தில் திறந்தவன்தானே நான்.

2024 நவம்பர் 5, செவ்வாய்

மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "சாவி எங்க", "தண்ணி வருது."

2024 நவம்பர் 14, வியாழன்

 

மைதானத்தின் கிழக்கு எல்லையில், தென்னங்கிடுகு வேலியோரம், செப்டெம்பரில் மருந்து அரைகுறையாகப் பட்ட இடத்தில் கொஞ்சம் களை சாகாமல் கிடக்கிறது. மூன்று இலைக் களை, பயற்றம் குடும்பத்தைச் சேர்ந்தது. பிடுங்கலாம் என்று குனிந்தேன். இலை மேலே மடிந்து கிண்ணம் மாதிரி. நுனி கயிறு போல முறுக்கி.

எங்கள் மாடியில் இருப்பது இதேதான். அச்சு அசல்.

அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். வலன்ரைன் ஓடிவந்து, "அண்ணே, தலை சுத்துதா?" என்றான். போத்தல் எங்கே என்று கேட்டேன். ஸ்டோரிலிருந்து எடுத்துவந்து, கைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கி வாசித்தான். ஏழாவது வரியில் இருந்தது. இந்த மருந்தடித்த புல்லை மரக்கறிக்கு மூடாக்காகவும் பசளையாகவும் பாவிக்கக் கூடாது.

மிச்சத்தையும் வாசிக்கவா அண்ணே என்று அன்றைக்கு அவன் கேட்டான். அதை இன்று சொல்லிக் காட்டவில்லை. அவன் நல்ல மனிதன்.

2024 நவம்பர் 17, ஞாயிறு

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வலன்ரைனின் மகள் டெனிஷா மண்ணும் தண்ணீரும் பரிசோதிக்கிற ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து, தேத்தண்ணி கொடுத்து, போத்தலின் படத்தைப் பார்த்தாள். நான் சொன்ன கதையைக் கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அங்கிள், ஏழு நாள் எண்டு ஆர் சொன்னது?"

கங்காணி சொன்னார், அப்பா சொன்னார், தேயிலை சொன்னது.

அவள் சொன்னதை மறக்காமல் எழுதி வைக்கிறேன். தேயிலைக்கு அடிப்பது பெரும்பாலும் இலைக்கு மேலே கிடக்கும்; வெயிலும் மழையும் அதை உடைத்துவிடும். ஏழு நாள் அதற்குப் போட்ட கணக்கு. "ஆனா இது புல்லுக்கு உள்ளுக்குப் போயிருந்திடும். புல்லும் சாகாது, மருந்தும் அழியாது. வெயிலுக்கு இது அசையாது அங்கிள். மண்ணில இருக்கிற கிருமிகள்தான் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னோணும். நீங்க மேல போட்ட புல்லு காய்ஞ்சு கிடந்தா கிருமி எங்க இருந்து வாறது? தண்ணி ஊத்த ஊத்த மருந்துதான் கரைஞ்சு வேருக்குப் போகும்."

அப்படியென்றால் ஜெயராணி அக்கறையாகத் தண்ணீர் ஊற்றிய ஒவ்வொரு தடவையும் வேருக்கு மருந்தைத்தான் ஊற்றியிருக்கிறாள்.

எனக்கு இன்னொரு சந்தேகம். புல்லுக்குப் புழு மருந்து அடித்தால் எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் கீழே இறங்காது. புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் காய்ந்த வேரும் தண்டுமாக ஒரு விரல் கனத்துக்கு மெத்தை இருக்கிறதே, அதிலேயே நின்றுவிடும். வேரைத் தின்னும் புழுவைக் கொல்ல முடியாமல் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே மருந்தென்றால் போட்ட இடத்தில் கிடக்கும் என்று நினைத்தவன் நான். "அது மெத்தையில ஒட்டுற சாதி. இது ஒட்டாது, தண்ணியோட போயிடும். மணல் நிலமெண்டா இன்னும் கெதியா" என்றாள். ஒட்டுவது ஓடாது, ஓடுவது ஒட்டாது. இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு சின்னப் பிள்ளை சொல்லித் தெரிந்துகொள்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையுமில்லை.

முழுவதும் எப்போது போகும் என்று கேட்டேன். அப்படிச் சொல்ல ஏலாதாம். பாதி அழிய இத்தனை மாதம்; மிச்சத்தில் பாதி அழிய இன்னும் அத்தனை மாதம்; பிறகு அதில் பாதி. அவளுடைய ஆய்வுகூடத்தில் இந்த மருந்தைக் கண்டுபிடிக்கிற வசதி இல்லை. அது தேவையுமில்லை என்றாள். மெசினுக்குத் தெரியாத அளவும் பயற்றம் செடிக்குத் தெரியுமாம். மூன்று யோகட் கோப்பையில் அந்த மண், மூன்றில் நல்ல மண், ஒவ்வொன்றிலும் இரண்டு விதை. மூன்று கிழமையில் இலை சொல்லிவிடும்.

"அன்ரியிட்ட முதல்ல சொல்லுங்கோ, பாவம்" என்றாள் வாசலில்.

சொல்கிறேன் என்றேன்.

2024 நவம்பர் 18, திங்கள்

சொல்லவில்லை.

2024 நவம்பர் 19, செவ்வாய்

கோப்பைகளை மைதானத்துப் பம்ப் அறைக்குள் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். நல்ல மண்ணுக்கு, மருந்து படாத இடமாகப் பார்த்து அறைக்குப் பின்னால் போனேன். பப்பாசி மரம் நிற்கிறது. ஒரு மாதிரி இருந்தது. அதனடியில் எடுக்காமல் அந்தப் பக்கம் போய் எடுத்தேன்.

2024 நவம்பர் 23, சனி

மஷூரிடம் போக வேண்டியிருந்தது. தெஹிவளையில் நான்கு மாடு வைத்திருக்கிறார். மைதானத்தில் வெட்டுகிற புல்லில் பாதி அவருக்குத்தான் போகும். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"மாடு நல்லாத்தானே ஈக்கிது அண்ணே. பாலும் கொறையல்ல."

மாட்டுக்கு ஒன்றும் ஆகாதாம், டெனிஷா சொன்னாள். தின்ற புல்லோடு உள்ளே போய், மாட்டுக்குள்ளும் உடையாமல், சாணியிலும் மூத்திரத்திலும் அப்படியே வெளியே வந்துவிடுமாம். அந்தச் சாணியை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் அவர் சிரிப்பை நிறுத்தினார். கல்கிசையில் பூங்கன்று, மரக்கறிக் கன்று விற்கிற ஒருவருக்காம். இரண்டு பேருமாகப் பேருந்தேறிப் போய் அவரிடமும் சொன்னோம். அவர் மூலையில் ஒதுக்கி வைத்திருந்த தக்காளிக் கன்றுகளைக் காட்டினார். சுருண்டுதான் இருந்தன.

யார் யார் வீட்டிலோ யார் யாரோ தங்கள் கைராசியை நொந்துகொண்டிருப்பார்கள். நான் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கே இன்னும் சொல்லவில்லை.

2024 டிசெம்பர் 6, வெள்ளி

கோப்பை பார்த்தேன். நல்ல மண்ணில் இலை விசிறி மாதிரி விரிந்திருக்கிறது. மாடி மண்ணில் ஆறும் கிண்ணம்.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலவாக்கலையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "தெரியாது." வாளிகளை யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொன்னாள். "இங்க இருந்தா எல்லாம் எங்கையால போவும்."

ஏன் சொல்ல முடியவில்லை என்று எனக்கே தெரியும். எழுதிவிடுகிறேன். பதினாறு மாதம் எழுதாமல் விட்டது.

ராஜு போன அன்று, ஆஸ்பத்திரி நடையில், டொக்டர் உள்ளே போனதும், அவளைப் பார்த்து நான் சொன்னேன்: "நீ ஊத்துன பப்பாசி எலச் சாறுதான் எம் புள்ளயக் கொண்டு போயிருச்சு."

எம் புள்ள என்றேன். நம்ம புள்ள என்றுகூடச் சொல்லவில்லை.

டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. சாறால் இல்லை, பிந்தி வந்ததால் என்றார். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்ட அந்த நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரமாம். அதைக் காதால் கேட்டுக்கொண்டு நின்றுதான் நான் இதைச் சொன்னேன். அவள் ஒரு பதிலும் சொல்லவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும். நான் கெட்டது போதாதென்று அவளையும் கெடுத்தேன்.

அந்த வாயால் இப்போது போய், செடி செத்தது என்னால் என்று எப்படிச் சொல்வது?

2024 டிசெம்பர் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் கோப்பைகளைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தேன். இது நல்ல மண், இது நம் வாளி மண் என்றேன். பார்த்துக்கொண்டே நின்றாள். புல்லிலிருந்து வந்தது, நான் கொண்டுவந்த புல், ஏழு நாள் கணக்குத் தேயிலைக்கு, இந்த மருந்துக்கு இல்லை, போத்தலில் எழுதியிருந்தது, நான் வாசிக்க விடவில்லை. எல்லாம் சொன்னேன். மூன்று கிழமைக்கு முன்பே தெரியும் என்பதையும்.

"ஒங்கை ஒண்ணும் செய்யல ஜெயா. எல்லாம் நாந்தான்."

சுருண்ட இலை ஒன்றை விரலால் விரித்துப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"ஆஸ்பத்திரியில நீங்க எனக்குச் சொன்னத, நான் ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன்" என்றாள். "தெரியாம செஞ்சது. செடிதானே, போவட்டும்."

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

2024 டிசெம்பர் 9, திங்கள்

காரணம் சொல்லாமல் வேலைக்குப் போகவில்லை. முதல் தடவை.

2024 டிசெம்பர் 15, ஞாயிறு

கோட்டை ஸ்டேசனில் அவளைக் காலை ரயிலில் ஏற்றிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்று, மன்னிச்சுக்க என்று சொல்ல நினைத்தேன். தண்ணிப் போத்தல் இருக்கா என்றுதான் வந்தது. இருக்கு என்றாள்.

வீட்டில் ஆளில்லை. இனி இந்தக் கொப்பியிடம் மறைக்க என்ன இருக்கிறது?

பப்பாசி இலையைப் பறித்து வந்தது யார்? நான். பம்ப் அறைக்குப் பின்னால் இருக்கிற அதே மரத்தில், துரட்டி கட்டி, நல்ல தளிராகப் பார்த்து. அவள் இடித்துப் பிழிந்தாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொன்னது அவள். காய்ச்சல் விட்டிருச்சே, இன்னும் ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம் என்றது நான்.

அவளுக்கு இதெல்லாம் ஞாபகமில்லையா? எல்லாம் ஞாபகம் இருக்கும். ஒரு நாளும் திருப்பிச் சொல்லவில்லை. உறவுக்காரர்கள் வந்து "என்னாத்துக்கு அந்தச் சாறக் குடுத்தே" என்று கேட்டபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

2025 ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

மாக்ரெட் மிஸ் பொங்கல் எங்கே என்றார். அவள் இல்லாமல் என்ன பொங்கல்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

அவளாகவே தொலைபேசியில் கூப்பிட்டாள். குளிர் எப்படி, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் ஆனபிறகு:

"அந்த மண்ணு இன்னமும் அப்பிடியேதான் இருக்குதா?"

தெரியவில்லை, திரும்பவும் விதை போட்டுப் பார்க்கிறேன் என்றேன். "பாருங்க" என்றாள்.

டெனிஷாவிடம் கேட்டேன். மேலே கிடக்கிற புல்லை முழுவதும் வாரி எடுத்துவிட வேண்டும். மண் காயக் கூடாது, ஊறிக் கிடக்கவும் கூடாது. கிழமைக்கு ஒரு தடவை கிளறிக் காற்றுப் படவிட வேண்டும். அப்போதுதான் கிருமி பெருகித் தின்னும். சும்மா மூடி வைத்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

மொட்டை மாடியில் பதின்மூன்று வாளி வெறும் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கிறேன். கீழேயிருந்து மிஸ் பார்த்துவிட்டு, "சாந்தகுமார், என்ன நடுறீங்க?" என்றார். ஒன்றுமில்லை மிஸ் என்றேன்.

2025 பெப்ரவரி 20, வியாழன்

ஆறில் ஆறும் சுருட்டை. அவளிடம் அப்படியே சொன்னேன். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

இன்று செயலாளர் இரண்டாம் சுற்று மருந்தடிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். களையைக் கையால் பிடுங்குகிறோம், ஆள் போதாவிட்டால் பிந்தட்டும் என்றேன். கமிட்டியில் பேசுகிறேன் என்று போனார். பேசட்டும். வலன்ரைன் ஏற்கனவே குந்தியிருந்து பிடுங்கத் தொடங்கிவிட்டான்.

2025 ஏப்ரல் 6, ஞாயிறு

ஆறில் நான்கு சுருட்டை. இரண்டு கொஞ்சம்தான்.

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்டாள். கரண்டி மாதிரிக் குழிந்திருந்தது, இப்போது தட்டு மாதிரி லேசாகத்தான் என்றேன். போனில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, இருமலா தெரியவில்லை. அந்தப் பக்கம் மழை.

நாங்கள் இரண்டு பேரும் பேசுகிற பேச்சு இதுதான். மண். வேறொன்றும் எடுப்பதில்லை. கிழமைக்கு ஒருக்கா.

2025 மே 25, ஞாயிறு

மழை பிடித்துவிட்டது. மைதானம் குளம். இந்தத் தண்ணீரோடு அந்த மருந்து எங்கே இறங்கி, எந்தக் கிணற்றுக்குப் போய், எந்த வடிகானில் கடலைச் சேருகிறதோ. எனக்குத் தெரியாது. கேட்டால் டெனிஷா சொல்லுவாள். கேட்கப் பயமாக இருக்கிறது.

2025 ஜூன் 15, ஞாயிறு

ஆறில் ஒன்றுதான் இலேசாகச் சுருண்டிருக்கிறது. சொன்னேன்.

"திதிக்கு முந்தின கிழமை வாரேன்" என்றாள்.

2025 ஜூலை 6, ஞாயிறு

வந்திருக்கிறாள். மெலிந்துவிட்டாள். படியேறி வந்து முதலில் ராஜுவின் படத்துக்கு முன்னால் நின்றாள், பிறகு சமையலறைக்குப் போய்ப் பானையைக் கழுவினாள். மாடிக்கு இன்னும் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை.

2025 ஜூலை 13, ஞாயிறு

இரண்டாம் வருடத் திதி. ஐயர் காலையில் வந்து முடித்துப் போனார். தோட்டத்திலிருந்து அக்கா பழனியம்மாவும் அத்தானும், தலவாக்கலைத் தங்கச்சி குடும்பமும், கீழேயிருந்து மாக்ரெட் மிஸ்ஸும். வலன்ரைனும் டெனிஷாவும் பிந்தி வந்தார்கள். பாய் விரித்து வாழையிலை போட்டோம். ஜெயராணி பரிமாறினாள்.

சாம்பார் வந்தபோது அக்கா ஆரம்பித்தாள். வரும்போதெல்லாம் அவள் ஆரம்பிப்பதுதான். மனதில் வஞ்சகமில்லை, வாயில் பூட்டில்லை.

"நல்லா இருந்த புள்ள. அந்தப் பப்பாசிச் சாற மட்டும் குடுக்காம இருந்திருந்தா..."

ஜெயராணி கரண்டியோடு நின்றாள். தலை குனிந்தது. எனக்குத் தெரிந்த அதே குனிவு.

"எலயப் பறிச்சுக்கிட்டு வந்தது நான் அக்கா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு அவ மூணாம் நாளே சொன்னா. ரெண்டு நாள் பொறுப்போம்னு சொன்னது நான். சாறாலயும் இல்ல. பிந்திப் போனதால. டொக்டர் அன்னைக்கே சொன்னாரு. நான்தான் பழிய அவ தலையில போட்டேன். அவளும் ரெண்டு வருஷமாச் சொமந்துகிட்டு இருக்கா."

ஒருவரும் சாப்பிடவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். அத்தான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணில் தண்ணீர், இலையில் விழுந்தது, துடைக்கவில்லை.

ஜெயராணி என் இலைக்கு முன்னால் வந்து குனிந்து சாம்பார் ஊற்றினாள்.

"இல்ல அண்ணி" என்றாள், அக்காவைப் பார்க்காமல். "ரெண்டு பேருந்தான் குடுத்தோம்."

மாலை ரயிலுக்கு எல்லோரும் போன பிறகு அடுப்படியில் ஏனம் கழுவிக்கொண்டிருந்தோம். நான் துலக்க, அவள் அலச. திடீரென்று அவள் சொன்னாள்:

"கசக்குதும்மான்னு மூஞ்சிய எப்பிடிச் சுழிச்சான்."

"ஆமா. அப்பா நீயும் குடின்னான். நானும் ஒரு வாய் குடிச்சேன்."

"எனக்குத் தெரியாதே?"

"நீ தண்ணி எடுக்கப் போயிருந்தே."

குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டும் வரை ராஜுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.